வரிசை மாற்றும் வித்தை

மளிகைக் கடைக்குப் பட்டியல் எழுதி முடித்த பின், "அடடா, எண்ணெயை முதலில் எழுதியிருக்க வேண்டுமே!" என்று தோன்றினால் என்ன செய்கிறோம்? ஓரத்தில் ஓர் அம்புக்குறி போடுகிறோம். அல்லது அடித்துவிட்டு மேலே இடுக்கில் நுழைத்து எழுதுகிறோம். நான்கைந்து முறை இப்படிச் செய்தால், எழுதியவருக்கே பட்டியல் புரியாது. இன்று கைப்பேசித் திரையில் ஒரு வரியை விரலால் அழுத்தி மேலே நகர்த்தினால், மற்ற வரிகள் விலகி அதற்கு இடம் கொடுக்கின்றன. சின்னஞ்சிறு வசதிதான். ஆனால் இது கைகூட மனிதன் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் வாழ்ந்த கான்ராட் கெஸ்னர் என்ற அறிஞர், 1548இல் ஓர் யோசனை சொன்னார். குறிப்புகளைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதுங்கள். பிறகு கத்தரிக்கோலால் வரிவரியாக வெட்டி, விரும்பிய வரிசையில் அடுக்கி, பசை போட்டு ஒட்டுங்கள் என்றார். வரிசை மாற வேண்டுமானால் வரி நகரக் கூடியதாக இருக்க வேண்டும். இந்த எளிய உண்மையைத்தான் கெஸ்னர் கண்டுகொண்டார்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது கிறிஸ்தவ மடங்களின் நூலகங்களை அரசு கைப்பற்றியது. அத்தனை நூல்களுக்கும் பட்டியல் தயாரிக்க 1791இல் அரசு ஒரு விதிமுறை வெளியிட்டது. நூலின் விவரத்தைச் சீட்டுக்கட்டின் சீட்டில் எழுத வேண்டும்! அக்காலச் சீட்டுகளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது, அட்டையும் கெட்டி. அகர வரிசையில் அடுக்கிய பின், இடது கீழ் மூலையில் ஊசியைச் செலுத்தி நூலால் கோத்துவிட்டால் வரிசை கலையாது. சூதாடப் பயன்பட்ட அட்டை அறிவைச் சுமக்கும் அட்டையானது.

கணிப்பொறி வந்ததும் இந்தச் சங்கடம் தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். துளை அட்டைகளில் நிரல் எழுதிய காலத்தில், ஓர் அட்டையில் ஒரு வரி. கட்டு கைதவறிக் கீழே விழுந்தால் அன்றைய உழைப்பே சிதறிப் போகும். அதனால் பலர் கட்டின் பக்கவாட்டில் மையால் ஒரு சாய்கோடு இழுத்து வைத்தார்கள். இடம் மாறிய அட்டை கோட்டை உடைத்துக் காட்டிக்கொடுத்துவிடும்! 1964இல் பிறந்த பேசிக் மொழியில் நிரலாளர்கள் வரிகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுக்காமல் 10, 20, 30 என்று கொடுத்தார்கள். நடுவே ஒரு வரி தேவைப்பட்டால் 15 என்று நுழைத்துவிடலாம் அல்லவா?

பொறியின் நினைவகத்திலும் இதே சிக்கல்தான். ஆயிரம் பெயர்கள் அடுத்தடுத்த அறைகளில் இருக்கின்றன. கடைசிப் பெயரை முதலிடத்துக்குக் கொண்டுவர மற்ற 999 பெயர்களும் ஓர் அறை தள்ளி உட்கார வேண்டும். 1950களின் நடுவில் அமெரிக்காவின் நெவெல், ஷா, சைமன் ஆகிய மூவர் வேறு வழி கண்டார்கள். பெயர் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். தனக்கு அடுத்தவர் எந்த அறையில் இருக்கிறார் என்ற முகவரியை மட்டும் ஒவ்வொன்றும் வைத்திருக்கட்டும். ரயில் பெட்டிகளின் இணைப்பைப்போல, நடுவில் உள்ள ஒன்றை வேறிடத்தில் சேர்க்க மூன்று முகவரிகளை மாற்றினால் போதும். யாரும் நகரத் தேவையில்லை.

இதையெல்லாம் சாதாரண மனிதன் கண்ணால் பார்த்துச் செய்வது எப்போது? 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் ஏறத்தாழ ஆயிரம் பேர் முன்னிலையில் ஒரு செயல்விளக்கம் காட்டினார். மேடையில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், கடையில் வாங்க வேண்டிய சாமான் பட்டியல்! வாழைப்பழம், காரட் என்று தட்டச்சு செய்து, பிறகு அவற்றை இடம் மாற்றி, வகைவாரியாகப் பிரித்தும் காட்டினார். கையில் 'மவுஸ்' என்னும் கருவி. ஆனால் அவர் வரியைப் பிடித்து இழுக்கவில்லை. 'நகர்த்து' என்று கட்டளை கொடுத்து, எதை என்று ஒருமுறையும், எங்கே என்று மறுமுறையும் சுட்டினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடிவில் தேவைப்படும்.

கட்டளை முறையில் ஓர் ஆபத்து உண்டு. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1974இல் உருவான 'பிராவோ' என்ற எழுத்துத் தொகுப்பு நிரலில், ஒரே விசை ஒரு நிலையில் எழுத்தாகவும் வேறு நிலையில் கட்டளையாகவும் இயங்கியது. கவனக்குறைவாக ஒருவர் ஆங்கிலத்தில் 'எடிட்' என்று நான்கு எழுத்துகளை அடித்தால் என்ன ஆகும்? முதல் எழுத்து 'எல்லாவற்றையும் தேர்ந்தெடு', இரண்டாவது 'அழி', மூன்றாவது 'புதிதாக நுழை'. முழு ஆவணமும் போய், கடைசி எழுத்து மட்டும் திரையில் தனியே நிற்கும்!

அதே ஆய்வகத்தின் லாரி டெஸ்லருக்கு இத்தகைய நிலை மாற்றங்களே பிடிக்காது. அவரும் டிம் மாட்டும் ஜின் என்ற பாடநூல் பதிப்பகத்துக்காக 1975 வாக்கில் 'ஜிப்சி' என்ற நிரலை எழுதினார்கள். நிரலை எழுதுமுன் பதிப்பகத்தாரிடம் போய், அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கேட்டறிந்தார்கள். என் கருத்தில் இந்த வரலாற்றிலேயே மிகவும் புத்திசாலித்தனமான செயல் இதுதான். அங்கே என்ன இருந்தது? கத்தரிக்கோலும் பசையும்! கெஸ்னரின் அதே கருவிகள். 'வெட்டு', 'ஒட்டு' என்ற சொற்கள் அப்படியே நிரலுக்குள் வந்தன. பொத்தானை அழுத்தியபடி இழுத்துச் சொற்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் அதில் இருந்தது. டெஸ்லர் பின்னர் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தார். 1983இல் லிசாவும் 1984இல் மாக்கின்டாஷும் வந்தபின், பொருளைப் பிடித்து இழுத்துப் போடுவது பலருக்கும் பழக்கமாயிற்று.

இழுத்துப் போடும் பட்டியலை இன்று அமைக்கும் மாணவர் பெரும்பாலும் எங்கே தவறுகிறார் தெரியுமா? ஐந்து வரிகளில் இரண்டாவதை எடுத்து நான்காவதற்குப் பின் வைக்க வேண்டும் என்று கொள்வோம். இரண்டாவதை எடுத்த கணமே நான்காவது மூன்றாவதாகிவிடுகிறது! பழைய எண்ணையே நம்பினால் வரி ஓரிடம் தள்ளி விழும். விழப்போகும் இடத்தை ஒரு கோடு இட்டு முன்கூட்டியே காட்டாவிட்டால், பயன்படுத்துபவரும் குழம்புவார்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மெக்கன்சி, செல்லன், பக்ஸ்டன் ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், வெறுமனே சுட்டுவதைவிட இழுப்பது மெதுவானது, பிழையும் மிகுதி என்று தெரிந்தது. பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே கையை நகர்த்த வேண்டுமே! கை நடுங்கும் முதியவர் பாதி வழியில் நழுவவிடுவார். பார்வையற்றவருக்கோ 'பிடித்து இழு' என்பதற்குப் பொருளே இல்லை. நமக்கு விளையாட்டாகத் தெரியும் வசதி அவர்களுக்குச் சாத்திய கதவு.

2023 அக்டோபரில் வெளியான இணைய அணுகல் நெறிமுறையின் 2.2ஆம் பதிப்பு இதைக் கவனித்தது. இழுத்துச் செய்யும் எந்தச் செயலையும், இழுக்காமல் சுட்டி மட்டும் செய்யவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே வரியின் அருகே 'மேலே', 'கீழே' என்று இரு பொத்தான்கள் வைக்கிறார்கள். நகர்ந்ததும் "ஐந்தில் மூன்றாவது இடம்" என்று குரலில் சொல்லவும் செய்கிறார்கள். இன்னொரு வழி, முதலில் எந்த வரி என்று தொட்டு, பிறகு எந்த இடம் என்று தொடுவது. 1968இல் மேடையில் எங்கல்பார்ட் செய்தது ஏறக்குறைய இதைத்தான்.