மூலிகைதானே, என்ன செய்துவிடும்?



நம் குடும்பக் குழுவில் வாரம் ஒரு கஷாயக் குறிப்பு வருகிறது. கூடவே தவறாமல் ஒரு வரி: "மூலிகைதானே, பக்கவிளைவே கிடையாது." அதைப் படிக்கும்போதெல்லாம் சீனாவின் தூ யூயூ அம்மையார்தான் நினைவுக்கு வருகிறார். அவரைப்போல் மூலிகையை நம்பியவர்கள் குறைவு.

வியட்நாம் போர்க்களத்தில் மலேரியா வீரர்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. குளோரோகுயின் மாத்திரை பலிக்கவில்லை. சீன அரசு 1967 மே 23 அன்று ஒரு ரகசிய ஆராய்ச்சியைத் தொடங்கியது. தேதியை வைத்தே அதற்கு 523 திட்டம் என்று பெயர். 1969இல் தூ யூயூ அதில் ஒரு குழுவுக்குத் தலைவரானார். பழைய ஏடுகளிலும் வைத்தியர்களிடமும் 2000க்கும் மேற்பட்ட குறிப்புகளைத் திரட்டினார். சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380 சாறுகள் எடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

அவற்றில் ஒன்று சிங்ஹாவ். நம் மரிக்கொழுந்தின் பேரினம்தான், ஆனால் வேறு செடி. ஒருமுறை நன்றாகக் கேட்கும், அடுத்தமுறை கைவிட்டுவிடும். 4ஆம் நூற்றாண்டு வைத்தியர் கே ஹொங் எழுதிய குறிப்பை மறுபடி படித்தார். தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தாரே தவிர, காய்ச்சச் சொல்லவில்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்ற ஐயம் வந்தது. சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரில் சாறு இறக்கினார். அதன் அமிலப் பகுதியில் நஞ்சு இருந்தது, குணம் இல்லை, அதை நீக்கினார். மிஞ்சிய 191ஆம் மாதிரி, 1971 அக்டோபர் 4 அன்று எலிகளின் ரத்தத்தில் ஒரு கிருமியைக்கூட விட்டுவைக்கவில்லை.

நாமாக இருந்தால் அன்றே செய்தி அனுப்பியிருப்போம். அங்கோ வாக்குவாதம் தொடங்கியது. சில விலங்குகளில் நச்சு விளைவுபோல் ஏதோ தெரிந்தது. அது மருந்தாலா, வேறெதனாலா? முடிவாகாமல் நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது என்றனர் ஒரு சாரார். காத்திருந்தாலோ மலேரியாப் பருவம் கடந்துவிடும், ஓராண்டு வீண். 1972 ஜூலையில் தூ யூயூவும் சக ஆய்வாளர் இருவரும் மருத்துவமனையில் சேர்ந்து, அந்தச் சாற்றைத் தாங்களே உட்கொண்டார்கள். ஒரு வாரம் கண்காணிப்பு. கெடுதல் எதுவும் தென்படவில்லை. பிறகுதான் ஹைனான் தீவு நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது.

அத்தோடும் விடவில்லை. சாற்றில் வேலை செய்வது எது என்று தேடி, நவம்பரில் அதைப் படிகமாகப் பிரித்தார்கள். கார்பன் 15, ஹைட்ரஜன் 22, ஆக்சிஜன் 5. இதுதான் ஆர்ட்டிமிசினின். இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் பெராக்சைடு பிணைப்பு அதில் உண்டு. வகுப்பில் ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு நான் படம் போட்டது ஞாபகம் இருக்கிறதா? அதே பிணைப்பு. கிருமியைக் கொல்வது அதுதான்.

தொட்டி தொட்டியாக ஈதரில் வேலை செய்ததில் அம்மையாரின் கல்லீரல் பாதிக்கப்பட்டது. 1977இல் வெளியான கட்டுரையில் தனி ஒருவர் பெயரும் இல்லை. நோபல் பரிசு 2015இல்தான் வந்தது.

நம் நாட்டில் ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு அரசு தரும் மாத்திரை அட்டையில் இருப்பது அந்த ஆர்ட்டிமிசினின் வழிவந்த மருந்துதான். அளவு மாறிவிடக் கூடாதென்று வயதுக்கொரு நிறத்தில் அட்டை கொடுக்கிறார்கள்.