பேப்பர் வராத மூணு மாசம்

கட்டுரை ஜர்னல்ல வந்துட்டா வேலை முடிஞ்சதுன்னு இருந்த காலமெல்லாம் மலையேறிப் போச்சு மக்களே. "ட்விட்டர்ல போட்டியா?"ங்கறதுதான் இங்க லேப்ல அடுத்த கேள்வி (எக்ஸ்னு பேர் மாத்தினதை இங்க யாரும் கண்டுக்கல). கல்யாணம் வெச்சா போதுமா, பத்திரிகை வெக்க வேணாமாங்கற கதைதான். ஆனா இப்படித் தம்பட்டம் அடிச்சா நிஜமாவே நாலு பேர் நம்ம கட்டுரையை மேற்கோள் காட்டுவாங்களா?

இந்தச் சந்தேகம் ட்விட்டரைவிடப் பழசு. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வர்ற ஆய்வுகளைப் பத்தி அடிக்கடி செய்தி போடும். அப்படிச் செய்தியான கட்டுரைகளை மத்த ஆராய்ச்சியாளர்கள் அதிகமா மேற்கோள் காட்டினாங்க. இதுல ஒரு சிக்கல். செய்தி வந்ததாலதான் பிரபலமாச்சா, இல்ல நல்ல கட்டுரைங்கறதாலதான் நிருபர் கண்ணுலயே பட்டுச்சா? எதை எப்படிப் பிரிக்கறது?

1978 ஆகஸ்ட்ல நியூயார்க்ல அச்சுத் தொழிலாளர்கள் ஸ்ட்ரைக். கிட்டத்தட்ட மூணு மாசம் டைம்ஸ் கடைக்கு வரல. ஆனா ஆவணத்துக்காக ஒரு பதிப்பைத் தயார் பண்ணி வெச்சுக்கிட்டே இருந்தாங்க. அதாவது, செய்தியாளர்கள் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தாச்சு, செய்தியும் எழுதியாச்சு, படிக்கத்தான் ஆள் இல்ல! எந்த விஞ்ஞானியும் காசு கொடுத்து நடத்த முடியாத சோதனை இது.

டேவிட் ஃபிலிப்ஸ்னு ஒரு சமூகவியலாளர், தன் குழுவோட இதைத் தோண்டி எடுத்து 1991ல வெளியிட்டார், அதே நியூ இங்கிலாந்து ஜர்னல்லயே. 1979ல டைம்ஸ்ல வந்த கட்டுரைகளுக்கு, வராத கட்டுரைகளைவிட முதல் வருஷத்துல 72.8 சதவீதம் அதிக மேற்கோள். ஸ்ட்ரைக் சமயத்துல எழுதி, யார் கைக்கும் போகாத செய்திகளோட கட்டுரைகளுக்கு? ஒரு ஆதாயமும் இல்ல. ஆக, தம்பட்டத்துக்குப் பலன் உண்டு. டாக்டர்களும் காலையில காப்பியோட பேப்பர்தான் படிச்சிருக்காங்க :-)

சரி, ட்விட்டருக்கு வருவோம். இங்கதான் குழப்பம். 2015ல சர்க்குலேஷன் ஜர்னல் 243 கட்டுரைகளைக் குலுக்கல் முறையில பிரிச்சு, ஒரு பாதியை மட்டும் ஃபேஸ்புக்லயும் ட்விட்டர்லயும் போட்டுப் பார்த்தது. 30 நாள் கழிச்சுப் பார்த்தா, பக்கத்தைத் திறந்து பார்த்தவங்க எண்ணிக்கையிலகூட வித்தியாசம் இல்ல. 2021ல இதய அறுவை சிகிச்சைக்காரங்க 112 கட்டுரைகளை வெச்சு செஞ்சாங்க, ட்வீட் போட்டதுக்கு மேற்கோள் கூடிச்சு. 2024ல பிளாஸ் ஒன்ல வந்தது எனக்குப் பிடிச்சது. ட்விட்டர்ல நல்ல கூட்டம் வெச்சிருந்த 11 விஞ்ஞானிகள் 110 கட்டுரைகளைப் பரப்பினாங்க, ஒப்பிட 440 கட்டுரைகள். ட்வீட் போட்ட அன்னிக்கு டவுன்லோடு ரெண்டரை மடங்குக்கு மேல எகிறிச்சு. மூணு வருஷம் கழிச்சு மேற்கோள்ல நம்பற மாதிரி எந்த வித்தியாசமும் இல்ல.

என்னைக் கேட்டா, டைம்ஸ் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் வாசல்ல விழுந்தது. அதுல வர்ற மருத்துவச் செய்தி கொஞ்சம்தான். இங்க நிமிஷத்துக்கு ஒரு தம்பட்டம், எதைன்னு கேக்கறது? இன்னொண்ணு, டைம்ஸ் கண்ணுல பட்டது ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிஞ்ச பெரிய ஜர்னல். பல்கலைக்கழகத் துறை ஒண்ணு கைக்காசு போட்டு நடத்துற சின்ன ஜர்னலுக்கு இந்தக் கணக்கு எப்படி வரும்னு மேல சொன்ன எந்தச் சோதனையும் பார்க்கல. என் கட்டுரை அந்த மாதிரி ஒண்ணுலதான் வரப்போகுது. ட்வீட் போடத்தான் போறேன், டவுன்லோடு ஆனாலே எனக்குப் போதும்.