பச்சிளங்குழந்தைகளுக்கான ஒளிச் சிகிச்சை

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டால் நீல விளக்கின் கீழ் கிடத்துவது இன்று பரவலாக உள்ள வழக்கம். சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி உண்டாகிறது. அதைக் கழிக்கும் திறன் பச்சிளம் கல்லீரலுக்குக் கைவரச் சில நாள் ஆகும். பெரும்பாலான குழந்தைகளுக்கு மஞ்சள் தானே வடிந்துவிடும். அளவு மிஞ்சினால் நிறமி மூளையில் படிந்து காது கேளாமை, கைகால் இயக்கக் கோளாறு, சில வேளை மரணம்வரை கொண்டுபோகும். 1950-களில் இதற்கு இருந்த ஒரே வலுவான சிகிச்சை, குழந்தையின் ரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றுவது. அதிலேயே உயிராபத்து உண்டு.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்டு பொது மருத்துவமனையின் குறைமாதக் குழந்தைகள் பிரிவை ஜீன் வார்ட் என்ற செவிலியர் கவனித்துவந்தார். வெயில் நாள்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். 1956 கோடையில் ஒரு குழந்தையை மருத்துவர்களிடம் காட்டினார்: உடல் வெளுத்திருந்தது, ஒரு முக்கோண இடம் மட்டும் அடர்மஞ்சள். துணியின் முனை மூடியிருந்த இடம் அது. மருத்துவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வெயிலில் கிடந்த ரத்த மாதிரி ஒன்றில் பிலிருபின் வெகுவாகக் குறைந்திருந்தது ஆய்வகத்தில் தெரியவந்தபோதுதான் விழித்துக்கொண்டார்கள். அம்மருத்துவமனையின் மருத்துவர் ரிச்சர்டு கிரெமரும் பெரிமன், ரிச்சர்ட்ஸ் ஆகியோரும் நீலக் குழல்விளக்குகளால் ஒரு கருவி அமைத்து, முடிவுகளை 1958-இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். கட்டுரையாசிரியர் பட்டியலில் வார்டின் பெயர் இல்லை. கண்டுபிடிப்பின் முதல் பாதி அவருடையது என்பதில் ஐயமில்லை.

அமெரிக்கா பத்தாண்டு தயங்கியது. 1968-இல் வெர்மான்ட் மாநிலத்தின் மருத்துவர் ஜெரால்டு லூசி, குறைமாதக் குழந்தைகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்டு நடத்திய ஆய்வுக்குப் பின்னரே அங்கே நீல விளக்கு பரவியது. ஒளி பிலிருபினைச் சிதைத்துவிடுகிறது என்றே முதலில் கருதினர். ஏறத்தாழ 460–490 நானோமீட்டர் நீல ஒளி, அதன் மூலக்கூறின் வடிவத்தைத் திருப்பிவிடுவதே முக்கியச் செயல் எனப் பின்னர் தெளிந்தது. வடிவம் மாறிய நிறமி நீரில் கரையும். கல்லீரல் பக்குவப்படுத்தக் காத்திராமல் பித்தநீரிலும் சிறுநீரிலும் வெளியேறும்.

ரத்தமாற்றம் அரிதாகிப்போனது இதன் பெரும் பயன். பக்கவிளைவுகள் பெரும்பாலும் சிறியவை: இளகிய மலம், நீர்ச்சத்துக் குறைவு, தோல் தடிப்பு. நேரடி ஒளி படாதிருக்கக் கண்ணைக் கட்டுவார்கள். ஆனால் ஒளியும் மருந்துதான், அளவு உண்டு. 1,000 கிராமுக்கும் குறைந்த எடையுள்ள 1,974 குழந்தைகளிடம் நடந்து 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், விளக்கை முன்கூட்டியே தாராளமாகப் பயன்படுத்தியபோது பிழைத்த குழந்தைகளிடம் நரம்புவளர்ச்சிக் குறைபாடு குறைந்தது. மிகச் சிறிய குழந்தைகளில் இறப்பு கூடியிருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. அமெரிக்கக் குழந்தைநல அகாடமி 2022-இல் விளக்கு வைக்கவேண்டிய பிலிருபின் வரம்பைச் சற்று உயர்த்தியது.

மின்சாரம் நிலையற்ற நைஜீரியாவில், புற ஊதாக் கதிரையும் வெப்பத்தையும் வடிகட்டும் படலத்தின் கீழ் வெயிலையே சிகிச்சையாக்கி வெற்றி கண்டதை 2015-இல் பதிவுசெய்தனர். நம் வீட்டு வாசலின் இளவெயில் அதற்கு ஈடாகாது. முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, உடனே ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும்.