இசைகுடிமானத்தில் யார் கையெழுத்து?



எனக்கு முன்னால் பேசிய தம்பி, "கல்யாணத்துக்குக் காகிதம் எதுக்கு? மனசு போதாதா?"ன்னு கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. நான் காரைக்குடிக்காரி. எங்க நகரத்தார் வீடுகளில் கல்யாணத்தன்று எழுதுகிற ஒரு பத்திரம் உண்டு. அதுக்குப் பேரு இசைகுடிமானம். பாட்டுக் கச்சேரின்னு நினைச்சுடாதீங்க. (சிரிப்பு) இசைன்னா இசைவு, சம்மதம். குடின்னா குடும்பம். ரெண்டு குடும்பமும் சம்மதிச்சு எழுதிக்கொள்கிற கல்யாண ஒப்பந்தம் அது. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் இந்த வார்த்தையைச் சொன்னால் முழிக்கிறார்கள்.

என்ன நாள், எந்த ஊர், எந்தக் கோயில், யார் மகனுக்கு யார் மகள் — எல்லாம் அதில் இருக்கும். அந்தக் காலத்தில் பனையோலை, பிறகு காகிதம். கோயில் பேர் எதற்கு என்றால், இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று நகரத்தாருக்குக் கோயில் ஒன்பது. இரணியூர்க்காரரும் பிள்ளையார்பட்டிக்காரரும் அண்ணன் தம்பி முறை, பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். கல்யாணம் ஆன தம்பதி கோயில் கணக்கில் ஒரு 'புள்ளி'. ஒருத்தர் போய்விட்டால் மிச்சமிருப்பவர் அரைப்புள்ளி. காலணாவுக்கும் பேரேடு எழுதினவர்கள், கல்யாணத்துக்கு எழுதாமல் விடுவார்களா? மாப்பிள்ளை மூன்று வருஷக் கணக்குக்கு ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கப்பல் ஏறிவிடுவார். பெண் ஊரிலேயே இருப்பாள். அவள் கையில் ஒரு எழுத்து வேண்டாமா?

எங்க அப்பத்தாவுக்கு 1927-ல் கல்யாணம். வயசு பதிமூணு. பெண்ணுக்குப் பதினாலு வயசாவது ஆகணும்னு சொன்ன சாரதா சட்டம் 1930-லதானே நடைமுறைக்கு வந்தது. அவுக இசைகுடிமானத்தைப் பெட்டகத்துல, நகைக்கு அடியில வச்சிருந்தாக. பள்ளிக்கூடம் படிக்கிறப்போ நான் அதை எடுத்து வாசிச்சேன். ரெண்டு கையெழுத்து இருந்துச்சு. ஒண்ணு ஐயாவோட அப்பச்சி, இன்னொண்ணு அப்பத்தாவோட அப்பச்சி.

"அப்பத்தா, உங்க கையெழுத்து எங்கே?"

"எனக்கு எழுத்து எங்க ஆத்தா தெரியும்? தெரிஞ்சிருந்தாலும் யாரு கேட்டாக?"

சம்மதம் என்கிற சொல்லிலேயே ஆரம்பிக்கிற பத்திரம். சம்மதிக்க வேண்டியவள் அதில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனா மிச்சக் கதையையும் அவுகளே சொன்னாக. ஐயா மலேயாவிலிருந்து ஒன்பது வருஷம் வரவில்லை. அங்கே வேறு குடும்பம் என்று பேச்சு. பங்காளிகள், "உனக்கு இந்த வீட்டுல என்ன பாத்தியதை?"ன்னு கேட்டாக. அப்பத்தா வாயைத் திறக்கலை, பெட்டகத்தைத்தான் திறந்தாக. காகிதம் ஊர்ப் பெரியவங்க முன்னால் வந்ததும், இரண்டாம் கட்டில் ஒரு அறையும் ஒரு அடுப்படியும் அவுகளுக்குன்னு ஆச்சு. கடைசி வரை அங்கேதான் சமைச்சாக. தம்பி, மனசை ஊர்ப் பெரியவங்க முன்னால் எடுத்து வைக்க முடியுமா? (கைதட்டல்)

அரசாங்கம் இதுக்கு நிதானமாத்தான் வந்தது. 1955 இந்துத் திருமணச் சட்டத்தில் பதிவுக்கு இடம் இருந்தது, கட்டாயம் இல்லை. எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்யணும்னு உச்ச நீதிமன்றம் 2006-ல் சொன்னது. 2009-ல் தமிழ்நாட்டில் அதுக்குச் சட்டம் வந்தது.

அடுத்த வருஷம் என் மகள் கல்யாணம். இசைகுடிமானம் எழுதி, ரெண்டு சம்பந்திகளும் கையெழுத்துப் போட்டாச்சு. "இன்னும் ரெண்டு பேருக்கு இடம் விடுங்க"ன்னேன். "வழக்கம் இல்லையே ஆச்சி"ன்னார் ஒரு பெரியவர். "நாளைக்குப் பதிவு ஆபீசில் அவள் கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டார்களே. அங்கே கேட்பதை நாம் கேட்கக் கூடாதா?"ன்னேன். பெரியவர் பேனாவை ரெண்டு தடவை மூடித் திறந்தார். அப்புறம் என் மகள் பக்கம் நீட்டினார். அவள் முழுப் பேரையும் எழுதினாள். மாப்பிள்ளையும் போட்டார். அவருக்குத்தான் கை நடுங்கிச்சு. (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் மணி அடிச்சுட்டார்.