முறுக்க முடியாத மீசை



நம் நாட்டில் மீசைக்குத் தனி மதிப்பு உண்டு. வீரனைப் பற்றிச் சொல்ல வந்தால், அவன் மீசையை முறுக்கினான் என்போம். தோற்ற பின்னும் தோல்வியை ஒப்பாதவனைக் கண்டால், குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நகைப்போம். ஆனால், முறுக்கவே இயலாத ஒரு சிறு மீசை உலகத்தார் உள்ளத்தைக் கவர்ந்த வரலாறும் உண்டு. அதைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

1914-ஆம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்காவில் மாக் சென்னட் என்பவர் நடத்திய கீஸ்டோன் படநிலையத்தில் சார்லி சாப்ளின் புதிதாகச் சேர்ந்திருந்தார். இலண்டன் மாநகரில் வறுமையில் வளர்ந்த அவருக்கு அப்போது வயது 24. சிரிப்பூட்டும் வேடம் ஒன்றைப் புனைந்து வருமாறு சென்னட் பணித்தார். எல்லாம் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கட்டும் என்று சாப்ளின் முடிவு செய்தார். தொளதொளத்த காற்சட்டை, இறுகிய மேற்சட்டை, சிறிய தொப்பி, பெரிய காலணி, கையில் ஒரு வளைந்த தடி. ஒரு குறை மட்டும் இருந்தது. சென்னட் அவரை வயது மிகுந்தவர் என்று எண்ணியிருந்தார். எனவே, முதுமையைக் கூட்டச் சிறு மீசையொன்றைச் சாப்ளின் ஒட்டிக்கொண்டார்.

அது ஏன் சிறிதாக இருக்கவேண்டும்? அது பேசாப் படக் காலம் அல்லவா? நடிகனுக்கு முகமே மொழி. அடர்ந்த மீசை உதட்டை மறைத்துவிடும். உதட்டின் துடிப்பு மறைந்தால் பாதி நடிப்பு மறைந்துபோகும். வயதைக் கூட்டவேண்டும், மெய்ப்பாட்டை மறைக்கவும் கூடாது என்னும் இரு தேவைகளுக்கும் விடையாக வந்ததே அந்தக் கறுப்புத் துண்டு. பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் சாப்ளினே இதை விளக்கியிருக்கிறார்.

1914 பிப்ரவரியில் இந்த வேடத்தை மக்கள் முதன்முதலாகத் திரையில் கண்டனர். சிறுவர்களின் வண்டிப் பந்தயத்தைப் படம் எடுக்கவொட்டாமல், கருவியின் முன் வந்து வந்து நிற்கும் ஒருவனாக அவர் தோன்றினார். பின்வந்த படங்களில் அந்த ஏழை நாடோடி வீழ்வான்; உடனே எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் நிகழாதது போல நடப்பான். மீசையில் மண் ஒட்டாத நம் பழமொழிக்கு அவனைவிடச் சிறந்த உருவம் வேறு வேண்டுமோ! எனினும், அது ஒட்டு மீசையே. 1931-இல் இலண்டனில் காந்தியடிகளைக் கண்டு உரையாடிய சாப்ளின், மீசையற்ற முகத்தினர். நரை கண்ட தலையினர்.

இன்னொருவர் ஒட்டவும் பொறுமையின்றி மீசையை வரைந்துகொண்டார். அவர் நியூயார்க்கில் பிறந்த குரூச்சோ மார்க்ஸ். நாடக மேடைக்கு ஒரு நாள் காலந்தாழ்ந்து வந்தவர், ஒட்டுவதற்கு நேரமின்றி ஒப்பனை மையால் மூக்கின் கீழ்த் தீட்டிக்கொண்டார். அவையினர் முன்போலவே நகைத்தனர். ஒட்டு மீசை அன்றோடு ஒழிந்தது. 1933-இல் வெளிவந்த ‘டக் சூப்’ என்னும் படத்தில் அவருடைய தம்பியரல்ல, தமையன் ஹார்ப்போ, அதே மீசையைத் தீட்டிக்கொண்டு எதிரே நின்று, கண்ணாடியில் தெரியும் நிழலைப்போல் ஆடிக் காட்டுவார். மீசை ஒன்றாயினும் ஆள் வேறு என்னும் வேடிக்கையே அக்காட்சியின் உயிர்.

அந்த வேடிக்கை விரைவில் பெருந்துயரின் பக்கத்தில் நிற்க நேர்ந்தது. ஜெர்மனியின் கொடுங்கோலன் ஹிட்லருக்கும் அத்தகைய சிறு மீசையே இருந்தது. இருவரும் 1889 ஏப்ரலில் நான்கு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். அவ்வகை மீசை அக்காலத்தில் பலரிடமும் இருந்ததுதான். ஆயினும் உலகம் இவ்விருவரையும் ஒப்பிட்டது. சாப்ளின் அந்த ஒப்புமையையே கருவியாகக் கொண்டார். 1940-இல் வெளியிட்ட ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தில் சர்வாதிகாரியாகவும், அவனால் துன்புறும் யூத நாவிதராகவும் இரு வேடம் பூண்டார். முடிவில் நாவிதரைச் சர்வாதிகாரி என்று மயங்கி மேடையேற்றுகிறார்கள். அவரோ அன்பையும் விடுதலையையும் பேசுகிறார். அப்போது அமெரிக்கா போரில் இறங்கியிருக்கவில்லை என்பதை நினைத்தால் அவர் துணிவு விளங்கும். வதைமுகாம்களின் முழுக் கொடுமையை அன்றே அறிந்திருந்தால் அப்படத்தை எடுத்திருக்க இயலாது என்று பின்னர் அவரே எழுதினார்.

இதைச் சொல்லும்போது என் பிழையொன்று நினைவுக்கு வருகிறது. ஒரு நாள் வகுப்பில் ஜெர்மனியின் வரலாற்றை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் ஏட்டில் ஒரு முகத்தை வரைந்திருந்தான். மூக்கின் கீழே கறுப்புக் கட்டம் ஒன்று. “கொலைகாரனைப் போற்றுகிறாயா?” என்று சினந்து அவனை நிற்கவைத்தேன். அவன் வாய் திறக்கவில்லை. மணி அடித்த பிறகே ஏட்டை எடுத்துப் பார்த்தேன். தலைமேல் வட்டத் தொப்பி இருந்தது. ஓரத்தில் வளைந்த கைத்தடியும் இருந்தது. நான் மீசையை மட்டுமே பார்த்திருந்தேன். மறுநாள் வகுப்பின் முன்னே அவனிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன்.

சாப்ளினும் குரூச்சோவும் 1977-ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். அவர்கள் படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. வாய்ப்பு நேரும்போது பாருங்கள். மீசையைக் கண்டு சிரியுங்கள். அதன் மேலுள்ள கண்களையும் தவறாமல் பாருங்கள்.