தரிசென்று ஒதுக்கப்பட்ட அலைகள்

அமெரிக்காவின் 1912-ஆம் ஆண்டு வானொலிச் சட்டம், பொழுதுபோக்காகக் கம்பியில்லாத் தந்தி பழகிவந்த ஆர்வலர்களை 200 மீட்டருக்கு மேற்படாத அலைநீளங்களுக்குள் ஒதுக்கியது. அலை நீளமாக இருந்தால்தான் நெடுந்தொலைவு செல்லும் என்று அக்காலப் பொறியாளர்கள் நம்பியதால், சிற்றலை எனப்படும் குறுகிய அலைகள் விளையாத தரிசாகவே மதிக்கப்பட்டன. அந்நம்பிக்கையை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. அதற்கு ஆதாரமான ஆஸ்டின்-கோயன் சூத்திரம், அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் உண்மையாகவே எடுக்கப்பட்ட அளவீடுகளிலிருந்து பிறந்தது. அளந்து பாராத சிற்றலைகளுக்கும் அதையே நீட்டிப் பொருத்தியதில்தான் பிழை நேர்ந்தது.

ஆர்வலர்களின் சங்கமான அமெரிக்க வானொலி அஞ்சல் கழகம் 1921 பிப்ரவரியில் அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சமிக்ஞை அனுப்ப முயன்று தோற்றது. தோல்வி அலையுடையதா, பிரிட்டனில் இருந்த ஏற்பிகளுடையதா என்ற ஐயத்தைத் தீர்க்க, அதே ஆண்டின் இறுதியில் பால் காட்லி என்ற வல்லுநரைக் கழகம் ஸ்காட்லாந்துக்கே அனுப்பிவைத்தது. அவர் ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரமடித்து, ‘பெவரேஜ்’ எனப்படும், தரையை ஒட்டித் தாழ்வாக இழுத்துக் கட்டும் நீண்ட கம்பியைச் சுமார் 1,300 அடிக்கு நீட்டி, டிசம்பர் மாத மழையிலும் குளிரிலும் இரவிரவாகச் செவிமடுத்தார். கேட்டதாகச் சொன்னால் மட்டும் போதாது என்பதில் கழகம் கண்டிப்பாக இருந்தது. மார்க்கோனி நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் சாட்சியாக அருகில் அமர்ந்தார். கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச்சிலிருந்து 1பிசிஜி என்ற நிலையம் அனுப்பிய முழுச் செய்தியொன்று அங்கே பதிவானபோது மறுக்க இடமில்லாமல் போனது. காட்லியின் காதுகளைவிட, சாட்சியை அமர்த்திய இந்த முன்னேற்பாடே பெரிது எனலாம்.

அதன்பின் காரியங்கள் விரைந்தன. 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்து லியோன் டெலாய் என்ற ஆர்வலர் சுமார் 100 மீட்டர் அலையில் அமெரிக்காவுடன் இருவழித் தொடர்பு கொண்டார். 1924 அக்டோபரில் லண்டன் மில்ஹில் பள்ளி மாணவர் செசில் கோய்டரும் நியூசிலாந்தின் ஃபிராங்க் பெல்லும் ஏறக்குறைய உலகின் இரு கோடிகளிலிருந்து உரையாடினர். சிற்றலைகள் இவ்வளவு தொலைவு செல்லக் காரணமான, வானின் உயரத்தில் மின்னேற்றம் பெற்று அலைகளைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் இருப்பதை இயற்பியலாளர் ஆப்பிள்டன் சோதனையால் நிறுவியது அதற்கும் பின்னர், 1924 டிசம்பரில்தான். சிற்றலையின் மதிப்பை உணர்ந்த அரசுகளும் நிறுவனங்களும் அதற்குப் போட்டியிட, 1927-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு அதைப் பங்கிட்டபோது, அந்தத் தரிசைத் திருத்திய ஆர்வலர்களுக்குச் சில குறுகிய பட்டைகளே மிஞ்சின.