எமது ஊர் எது?

கடந்த ஓகஸ்ட் விடுமுறைக்கு, ஆறாம் தரத்தில் படிக்கும் என் மகளுக்குப் பாடசாலையில் ஒரு செயற்றிட்டம் கொடுத்திருந்தார்கள். 'எனது ஊரின் வரலாறு' என்பது தலைப்பு. கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, "வாப்பா, எங்கட ஊர் புத்தளமா, எருக்கலம்பிட்டியா?" என்று கேட்டாள். ஆசிரியர் கலாசாலையில் வரலாறு கற்பிக்கும் முறைகளைப் பயின்று, இருபது வருடங்களாக வகுப்பறையில் நிற்பவன் நான். எனினும் எனக்கு உடனே பதில் வரவில்லை.

அவள் பிறந்தது புத்தளத்தில். நான் பிறந்தது மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில். இரண்டுக்கும் நடுவில் 1990 ஒக்ரோபர் கிடக்கிறது. அப்போது எனக்குப் பத்து வயது. பிள்ளையின் மனதில் பகை விழுந்துவிடுமோ என்று அஞ்சி, அந்தக் கதையை நான் அவளுக்கு ஒழுங்காகச் சொன்னதேயில்லை. இம்முறை உம்மாவையும் அவளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன்.

வடக்கு முஸ்லிம்களை வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டது அந்த மாதத்தில்தான். சாவகச்சேரியில் தொடங்கி மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என அது பரவியது. ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மாகாணம் முழுவதிலும் ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்து பெருந்தொகையானோர் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து கரையேறினார்கள்.

எங்கள் பழைய வளவில் கிணறும் அத்திவாரத்தின் ஒரு மூலையும் மிஞ்சியிருந்தன. உம்மா கிணற்றுக்கட்டில் அமர்ந்து, கடற்கரையில் காத்துக்கிடந்ததை, நனைந்த பாயை, உம்மும்மா திறப்பைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டதைச் சொன்னார். மகள் கேட்டாள்: "அப்ப, தமிழ் ஆக்கள்தான் எங்களத் துரத்தினாங்களா?"

நான் பயந்திருந்த கேள்வி அதுதான். உம்மா நிதானமாகச் சொன்னார்: "துவக்கு வச்சிருந்தவங்கதான் போகச் சொன்னாங்க. பக்கத்து ஊர்த் தமிழ்ப் பொம்பிள ஒருத்தி வழிக்குச் சோறு கட்டித் தந்து அழுதா. அவவுக்கும் பயம்தானே, மகள்."

அந்த ஒரு பதிலில் நான் வகுப்பில் சொல்லத் தவறிய பாடம் இருந்தது. அநீதியை மறைக்கவும் கூடாது; அதன் பழியை ஒரு சமூகத்தின் தலையில் கட்டவும் கூடாது.

பின்னர் நடந்ததும் வரலாறுதான். புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்தோம். எமக்கு இடம் தந்த மக்களின் தண்ணீரிலும் தொழிலிலும் பாடசாலை இடங்களிலும் நாம் பங்கு கேட்க வேண்டியிருந்தது. அதனால் கசப்பும் வந்தது, கலியாண உறவுகளும் வந்தன. வீட்டைவிட்டு வெளியே வேலைக்குப் போகாத பெண்கள் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். அவர்களின் பிள்ளைகள் சிலர் இன்று ஆசிரியைகள். 2009இல் போர் முடிந்தபின் திரும்பியவர்களுக்குக் காடு மண்டிய காணியே கிடைத்தது. ஒரு குடும்பமாகப் போனவர்கள் நான்கைந்து குடும்பங்களாகப் பெருகியிருந்தார்கள், வளவோ ஒன்றுதான்.

எமது மண்ணின் மைந்தரான பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் இந்த வெளியேற்றத்தை ஆவணப்படுத்துவதில் பல வருடங்கள் உழைத்தார். 2018இல் அவரும் காலமாகிவிட்டார். அன்று முப்பது வயதிலிருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களோடு சேர்ந்து அவர்களின் நினைவுகளும் கபுறுக்குப் போய்விடும். உம்மாவின் வாயால் கேட்டதை எங்கள் பிள்ளைகள் எந்தப் பாடநூலில் தேடுவார்கள்?

மகள் தனது செயற்றிட்டத்தை இப்படித் தொடங்கியிருந்தாள்: "எனக்கு இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்றிலிருந்து எங்களைப் போகச் சொன்னார்கள். மற்றது எங்களை இருக்கச் சொன்னது." எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். வசனத்தில் கைவைக்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு என் வகுப்பு மாணவர்களுக்கும் அதே தலைப்பைத்தான் கொடுக்கவிருக்கிறேன். வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு எழுத வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.